பச்சோந்திக்கு ஒரு தரை

"வெறும் பலகையில போட்டு வச்சிருக்காவளே, பாவம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சொன்னாள். இந்தப் பக்கம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த திருமேனி குழாயை மூடினார்.

"யாரு பாத்துக்கிடுதாவ இதை?" என்றது இன்னொரு குரல்.

"யாரோ ரிட்டயர்டு ஹெட்மாஸ்டராம்."

"அதான பாத்தேன். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரில்லா இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். செருப்புச் சத்தம் கோயில் பக்கமாகப் போய் ஓய்ந்தது. திருமேனி குழாயைத் திறந்து, கழுவிய கையை மறுபடியும் கழுவினார்.

மலையடிவாரத்தில், கோயிலை ஒட்டி இருந்தது அந்த மடம். பெயர் இலுப்பையடி மடம். பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். மடத்தின் தலைவி வடிவம்மாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனிக்கு அறுபத்தாறு. அவர் அவளை "அம்மா" என்பார். அவள் அவரை "ஐயா" என்பாள். இதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் குரு என்று குழம்புவார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்த இலையை யாரும் மடிக்கக் கூடாது. திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். எல்லோரும் கை கழுவப் போன பிறகு வடிவம்மா வரிசையாக இலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். மடத்தில் இருந்த கோமுவுக்குப் பல்வலி என்று அப்படித்தான் தெரிந்தது. கோமு யாரிடமும் சொல்லவில்லை. அவள் இலையில் நான்கு நாளாக முறுக்கும் அப்பளமும் மிஞ்சியிருந்தன.

திருமேனிக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. அறுபது வருஷமாக இலையை மடித்தே பழகிய கை அவருடையது. வந்த புதிதில் இரண்டு முறை மடித்துவிட்டார். மடித்த இலைக்கு முன்னால் வடிவம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மூன்றாம் நாளிலிருந்து அவர் மடிப்பதை விட்டார். ஆனால் இலையில் எதையும் மிச்சம் வைக்காமல், பிடிக்காத பாகற்காயையும் சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்தார்.

சாரல் தொடங்கிய வாரம், வழுக்கலான படியில் வடிவம்மா விழுந்து கணுக்கால் எலும்பு விட்டுப்போயிற்று. கட்டுப் போட்ட வைத்தியர் ஆறு வாரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுக்களைக்குப் பின்னால் இருந்த அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வேலி வெட்டும்போது ஒரு பச்சோந்தியின் பின்னங்காலில் அரிவாள் பட்டுவிட்டது. சமையல் பார்க்கும் ஆவுடையம்மாள் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"மடத்துல இப்ப ஒடிஞ்ச காலு ரெண்டு" என்றாள்.

ஊரிலிருந்து வந்த கால்நடை டாக்டர் சின்னப் பெண். காலுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். "ஒரு மாசம் வச்சிருங்க. கால் ஊனினதும் பிடிச்ச இடத்துலயே விட்டுரணும். இதையெல்லாம் வளக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுக்களையில் பால் வைக்கிற பழைய வலை அலமாரி ஒன்று சும்மா கிடந்தது. அதன் தட்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு கிளைகளைக் கட்டி, முன்கூடத்து ஜன்னலருகே வைத்தார்கள். அடியில் மாம்பலகை.

வடிவம்மா திருமேனியைக் கூப்பிட்டாள்.

"நீங்க பாத்துக்கிடுங்க ஐயா. அடியில பலகை போதும். தினம் காலையில பாத்துட்டுத் துடைச்சிருங்க. துடைக்கதுக்கு முன்னால என்ன விழுந்திருக்குன்னு எனக்கு வந்து சொல்லணும்."

"என்ன விழுந்திருக்குன்னா?"

"அது போடுறதுதான்."

திருமேனி அரசுப் பள்ளியில் பதினோரு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். மறுநாள் காலையில் அவள் அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன விழுந்துச்சு ஐயா?"

"கறுப்பா ஒண்ணு அம்மா. நுனியில வெள்ளை."

"ஈரமாவா, காய்ஞ்சா?"

"ஈரமா."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பச்சோந்தி இலையில் சொட்டும் தண்ணீரை நக்கிக் குடித்தது. அவர் உள்ளே விட்ட வெட்டுக்கிளிகளை நாக்கை வீசிப் பிடித்தது. ஒவ்வொரு காலையும் பலகையில் ஏதோ ஒன்று விழுந்திருந்தது. அவர் போய்ச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் குழாயடியில் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் முழுக்க அவர் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கும் அது பெஞ்சாகத்தான் தெரிந்தது. மொட்டைப் பலகை. நடுவில் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த வெளுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு வருகிறவர்கள் மடத்தையும் எட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தரைக்கு என்ன போடலாம் என்று யோசித்தார். பாடம் தயாரிப்பதுபோல ஒவ்வொன்றாக யோசித்தார். மரத்தூள் மூச்சில் ஏறும். தேங்காய் நார்த்தூள் சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த இலைக்குள் பூரான் வந்து ஒளிந்துகொள்ளும். ஆற்று மணல் சுத்தம். அதை அலசலாம், வெயிலில் காயவைக்கலாம். மணலைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை வடிவம்மாவின் வாசலில் நின்றபோது கேட்கத்தான் நினைத்தார். கேட்டால், ஏன் என்று அவள் திரும்பிக் கேட்பாள். குழாயடியில் கேட்டதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"கறுப்பா ஒண்ணு அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆற்றிலிருந்து இரண்டு வாளி மணல் கொண்டுவந்தார். தண்ணீர் தெளியும்வரை ஏழு முறை அலசினார். சாக்கில் பரப்பிக் காயவைத்தார். ஓடைக்குப் போய்ப் பட்டாணி அளவில் வழவழப்பான கூழாங்கற்களாகப் பொறுக்கினார். கிணற்றுச் சுவரிலிருந்து பாசியைப் பெயர்த்தெடுத்தார். எல்லாவற்றையும் பலகைமேல் பரப்பி, ஒரு மூலையில் மணலைக் குவித்து மேடு ஆக்கி, மேட்டைச் சுற்றிக் கல் பதித்தார்.

ஆவுடையம்மாள் கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, பச்சோந்திக்குக் கொலு வைக்கியளா?"

"தரை போடுறேன்."

"அம்மா சொன்னாவளா?"

"ம்" என்றார் திருமேனி. அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஆவுடையம்மாள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூண்டின் முன்னால் கூட்டம் நின்றது. குட்டிக் காடு மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒருவர் போன் எடுத்துப் படம் பிடித்தார். "யாரு செஞ்சது?" என்ற கேள்வி நாலைந்து முறை வந்தது. திருமேனி அதையெல்லாம் குழாயடியில் நின்று கேட்டார். அன்று அவர் கையில் கழுவ ஒன்றும் இல்லை.

மணல் போட்ட மறுநாளே ஒரு சங்கடம் வந்திருந்தது. காலையில் தரையைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. குச்சியால் இரண்டு இடத்தில் கிளறினார். விழுந்ததை மணல் மூடியிருக்கலாம். பாசிக்கு அடியில் போயிருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம்.

"இன்னைக்கு என்ன விழுந்துச்சு ஐயா?"

"வழக்கம்போலத்தான் அம்மா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நின்ற இடத்திலிருந்து அவள் முகம் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சரி" என்றாள்.

அதன் பிறகு தினமும் வழக்கம்போலத்தான். சில நாள் கொஞ்சம் விவரமும் சேர்த்தார். ஈரமா, காய்ந்தா என்று அவள் கேட்கும் முன்பே, "ஈரமாத்தான்" என்றார்.

ஒரு நாள் பச்சோந்தி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் கட்டோடு மேல்கிளையில் நிற்க அதனால் முடியவில்லை. தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்திருந்தது. வெட்டுக்கிளி ஒன்று மணலில் விழுந்தது. பச்சோந்தி ஒரு கண்ணால் அதையும் இன்னொரு கண்ணால் அவரையும் பார்த்தது. நாக்கு போய் வந்தது. வெட்டுக்கிளியோடு சேர்ந்து நாக்கில் மணலும் அப்பிக்கொண்டு வந்தது. அது வாயை இரண்டு முறை அசைத்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கிற்று.

திருமேனி பார்த்தார். கோழிகூடத்தான் கல்லைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஒன்பதாம் நாள் அது வெட்டுக்கிளியைப் பார்த்தது, ஆனால் நாக்கை நீட்டவில்லை. பத்தாம் நாள் பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டது. பச்சை போய்ச் சாம்பல் நிறம் வந்தது. வயிறு மட்டும் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

மணலை அள்ளிக் கொட்டிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அள்ளினால், ஏன் அள்ளினீர்கள் என்று ஆவுடையம்மாள் கேட்பாள். படம் பிடித்தவர்கள் வெள்ளிக்கிழமை திரும்ப வருவார்கள். இத்தனை நாள் வழக்கம்போல விழுந்தது எங்கே விழுந்தது என்று வடிவம்மா கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாவுக்குக் கட்டுப் பிரிப்பதாக இருந்தது. அதற்குள் அதுவே சரியாகிவிடும் என்று இருந்தார்.

இப்படி இருப்பது அவருக்குப் புதிதல்ல. அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் இருந்தது. ஆய்வாளர் வருகிற அன்று அதன்மேல் இந்தியப் படத்தை மாட்டச் சொன்னார். விரிசல் காஷ்மீரத்துக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. ஆணியை இரண்டு விரல் உயர்த்தி அடிக்கச் சொன்னார். அறிக்கையில் கட்டடம் நன்று என்று எழுதப்பட்டது. அதன் பிறகு படத்தை யாரும் கழற்றவில்லை. எட்டு மாதம் பிள்ளைகள் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் சுவர் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. மழையால் விழுந்தது என்றார்கள். அவரும் மழையால் என்றார். அதற்கு அடுத்த மாதம் மாலை போட்டு, மேளம் வைத்து அவரை ஓய்வுக்கு அனுப்பினார்கள். அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது.

வைத்தியர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையே வந்து, அறையிலேயே வைத்துக் கட்டைப் பிரித்துவிட்டார்.

திருமேனி முன்கூடத்தில் இருந்தார். கோயிலுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூண்டைச் சுற்றி நின்றார்கள். கம்பு தட்டும் சத்தம் கேட்டது. வடிவம்மா மெல்ல நடந்து வந்தாள். கூட்டம் வழி விட்டது.

அவள் கூண்டுக்குள் பார்த்தாள். மணலை, மேட்டை, கற்களை, பாசியை, கிளையில் கண்மூடி இருந்ததைப் பார்த்தாள்.

"அழகா இருக்கு" என்றாள்.

திருமேனி தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன விழுந்துச்சு ஐயா?"

தினமும் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள். சுற்றி நின்றவர்களுக்கு அது என்ன கேள்வி என்று புரியவில்லை.

வடிவம்மா அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஆவுடையக்கா, அரிசி சலிக்கிற சல்லடை வேணும்" என்றாள்.

பச்சோந்தியைக் கிளையோடு எடுத்துக் கோமுவிடம் கொடுத்தாள். கட்டுப் பிரித்த காலை நீட்டி, தரையில் உட்கார்ந்தாள். கூண்டுக்குள்ளிருந்து மணலைக் கை கையாக அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். கீழே விரித்த சாக்கில் மணல் சொரிந்தது. சல்லடையில் கற்களும் பாசித் துணுக்குகளும் வெட்டுக்கிளிக் கால்களும் தங்கின. அவற்றை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த கை மணலை அள்ளினாள்.

"ஐயோ, என் சல்லடை!" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு அவளும் குனிந்து சல்லடைக்குள் பார்த்தாள்.

இரண்டு வாளி மணல். சலித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. வந்தவர்கள் யாரும் நகரவில்லை. அந்த நேரம் முழுவதும் திருமேனி நின்றுகொண்டே இருந்தார். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மணல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் சல்லடையில் மூன்று தங்கின. காய்ந்து சுருண்டு, தொட்டால் உதிர்கிற மூன்று. வடிவம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். உள்ளே மணல் மினுங்கிற்று.

"பதினாலு நாளைக்கு மூணு" என்றாள். தனக்குள் எண்ணிப் பார்ப்பதுபோலத்தான் சொன்னாள். ஆனால் கூடம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தாள். பச்சோந்தியின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மணல் அடைச்சிருக்கு. மருந்து தாரேன். வெதுவெதுப்பா தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. வெளிய வந்துட்டா பிழைச்சுக்கும்."

"வரலன்னா?" என்றாள் கோமு.

டாக்டர் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். "யாரு மணலைப் போட்டது?" என்றாள். "நான் எதையும் போடச் சொல்லலையே."

திருமேனி ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் வடிவம்மா, "நாங்கதான் போட்டோம்" என்றாள்.

அவர் அந்த ஒரு அடியிலேயே நின்றார்.

எல்லோரும் போன பிறகு வடிவம்மா சாக்கில் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருமேனி அவள் எதிரே வந்து நின்றார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"பலகைமேல என்ன போடலாம்?"

பதினான்கு நாளைக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவருக்கே குரல் கேட்கவில்லை. வடிவம்மா பக்கத்தில் கிடந்த துணியைத் தண்ணீரில் நனைத்தாள். பிழிந்தாள். அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பலகையைத் துடைத்தார்.

அன்றிலிருந்து மடத்தில் எல்லோருக்கும் அதே வேலைதான். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் குனிந்து பலகையைப் பார்த்தார்கள். திருமேனி ஒரு மணிக்கு ஒரு முறை வெந்நீர் கலந்து, கை பொறுக்கிற சூட்டில் தெளித்தார். பச்சோந்தி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"அண்ணாச்சி, வந்துட்டா?" என்று அடுக்களையிலிருந்து ஆவுடையம்மாள் கேட்பாள்.

"இல்ல."

"பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருக்கேன். ஒரு சாமிகிட்ட போய் இதுக்கெல்லாம் நேந்துக்கிட வச்சுட்டியளே."

காலையில் அவர் வடிவம்மாவின் வாசலுக்குப் போனார்.

"இன்னைக்கு என்ன விழுந்துச்சு ஐயா?"

"ஒண்ணும் விழல அம்மா."

இரண்டாம் நாளும் ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் அவருக்கு நேரம் எடுத்தது. வடிவம்மா ஒவ்வொரு நாளும் காத்திருந்து கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் பச்சோந்தியின் நிறம் கரி மாதிரி ஆகிவிட்டது. "உயிர் இருக்கா பாருங்க" என்று கோமு மெதுவாகச் சொன்னாள். அவர் அதன் முதுகில் விரலை வைத்தார். அது ஒரு காலைத் தூக்கி அவர் விரலைப் பற்றிக்கொண்டது. அன்று அவர் அங்கிருந்து நகரவே இல்லை.

நான்காம் நாள் விடிந்து வெளிச்சம் ஜன்னலுக்கு வந்தபோது பலகையின் நடுவில் அது கிடந்தது. கறுப்பாக, நீளமாக, சிறுவிரல் தடிமனில். நிறைய மணல். ஒரு கூழாங்கல்லும் இருந்தது. பச்சோந்தி கிளையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழுத்தோரம் கொஞ்சம் பச்சை.

திருமேனி பலகையை அப்படியே உருவி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுக்களை வழியாக நடந்தார். "அண்ணாச்சி, அடுப்பங்கரை வழியாவா கொண்டு போறிய!" என்று ஆவுடையம்மாள் கத்தினாள். கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

வடிவம்மா அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"இன்னைக்கு என்ன விழுந்துச்சு ஐயா?"

"மணல் அம்மா" என்றார். "நான் போட்ட மணல்."

அன்று மத்தியானம் ஆவுடையம்மாள் பாயசம் வைத்தாள். "எதுக்கு விசேஷம்னு வெளிய யாரும் கேட்டா சொல்லிராதிய" என்றாள். பந்தியில் ஒரே சிரிப்பு. நான்கு நாளும் கூண்டை விட்டு நகராத ஹெட்மாஸ்டரைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணாச்சி மட்டும் இல்லன்னா அது போயிருக்கும்."

"பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பாக்க மாட்டாவ."

"சாருக்கு இன்னொரு கரண்டி விடு, ஏளா."

கோயிலுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "பச்சோந்தியைக் காப்பாத்தினது நீங்கதானா?" என்று கும்பிட்டார்.

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். அவர் அடக்கமாக இருக்கிறார் என்று நினைத்து அதற்கும் பாராட்டினார்கள். சல்லடை முன்னால் நின்றதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. இலையில் சோறு அப்படியே இருந்தது. பாயசம் ஓடிப்போய்க் கூட்டில் கலந்தது. எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. எல்லோரும் எழுந்திருக்கும்வரை பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு இலையின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியின்மேல் மடித்தார். மடித்த இலையை உள்ளங்கையால் ஒரு முறை அழுத்திவிட்டு எழுந்து, சுவரோரம் நின்றார்.

கூடம் காலியாயிற்று. ஆறு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வடிவம்மா இலைகளைப் பார்க்க வந்தாள். கம்பை ஊன்றி, ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் இலைக்கு முன்னால் நின்றாள்.

"மூடியிருக்கே ஐயா."

"பழக்கம் அம்மா."

"பாயசம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

அவள் நகரவில்லை. சாலையில் ஒரு பஸ் போய் ஓய்ந்தது.

"சாப்பிடல அம்மா" என்றார் திருமேனி.

"ம்."

"நான் காப்பாத்தினேன்னு சொல்லுதாவ எல்லாரும்."

"கேட்டேன்."

"நான் ஊருக்குப் போயிருதேன் அம்மா. இன்னைக்கு சாயங்கால பஸ்ஸுக்கே போயிருதேன்."

"இன்னும் கால் சேரலையே."

"யாருக்கு?"

"அதுக்குத்தான். நாளைக்குக் காலையில பலகையைப் பாக்க ஆள் வேணும்லா."

"கோமு பாத்துக்கிடுவா. நான் பாத்துச் சொன்னதெல்லாம் போதும் அம்மா. பதினாலு நாள் உங்ககிட்ட பொய்தான் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியும்னா, எப்பவிருந்து?"

"சல்லடையைப் பிடிச்சதுலருந்து. அதுக்கு முன்னால தெரியல. தெரிஞ்சிருந்தா தவழ்ந்தாவது வந்திருப்பேன்." கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டே சரி சரின்னு சொன்னேன். திரும்பி உங்க முகத்தைப் பாத்துக் கேட்டிருக்கலாம்."

திருமேனி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போவதற்குத் திரும்பினார். போகவில்லை.

"இது மட்டும் இல்ல அம்மா" என்றார். "இன்னொண்ணு இருக்கு. இங்க வரதுக்கு முன்னால உள்ளது. எட்டு வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எல்லாத்தையும் இதுக்குள்ள வச்சு..."

அவர் விரல் இலையைக் காட்டிற்று.

"திறக்க வெக்கமா இருக்கு அம்மா."

வடிவம்மா கம்பைச் சுவரில் சாய்த்தாள். வலிக்கிற காலை நீட்டி, அவர் இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பச்சோந்திக்கும் வெக்கமாத்தான் இருந்திருக்கும் ஐயா" என்றாள். "நாலு நாளா மடமே சுத்தி நின்னு அதோட பின்பக்கத்தையேல்லா பாத்துக்கிட்டு இருந்தோம்."

திருமேனி உட்கார்ந்தார். இலையைத் திறந்தார்.